கலைவாணியின் வரி

இன்று கம்ப்யூட்டர் சார் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். எங்கள் வகுப்பின் வருகைக் கோப்பில் பெயர்கள் மேலே பக்கவாட்டிலும், நாட்கள் கீழ்நோக்கியும் இருந்தன; வந்திருந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்ஜியம். அதை மாற்றி, ஒருவருக்கு ஒரு வரி என்று ஆக்க வேண்டும்.

சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். மூன்றாவது முறை சரியாக ஓடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பலே! இப்போ கடைசில பூஜ்ஜியமாவே இருக்குது பாரு, அந்த வரியெல்லாம் அழிச்சிடும்மா. டி.சி. வாங்கினு போனவங்க."

அதில் கலைவாணியும் இருந்தாள். பிப்ரவரி வரை ஒன்று, பிறகு எல்லாம் பூஜ்ஜியம்.

"சார், அவ பரீட்சைக்கு வரேன்னு சொன்னா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லினு போறாங்க. அவங்க அப்பாங்க வேலை செஞ்ச சுரங்கமே மூடியாச்சு, இன்னாத்துக்கு வருவாங்க?"

பழைய கோப்பில் அவளை எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளிலிருந்தும் எடுக்க வேண்டும். என் புரோகிராம்தான் அவளை ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்தியது.

அந்த வரியை அழிக்கக் கன்ட்ரோலையும் ஒய்யையும் சேர்த்து அழுத்தினேன். கீழ் வரியில் இருந்த காஞ்சனா மேலே ஏறி அவள் இடத்தில் நின்றாள்.

நேராகப் பிரவுசிங் சென்டருக்கு வந்து நம் வகுப்பின் மின்னஞ்சல் குழுவுக்கு இதை எழுதுகிறேன்.

வேலூருக்கும் ஓசூருக்கும் போனவர்களே, உங்கள் வரிகளையும் நான்தான் அழித்தேன். தாராளமாகத் திட்டி எழுதுங்கள். ஆனால் கலையின் முகவரி தெரிந்தவர்கள் அதை எழுதிவிட்டுத் திட்டுங்கள்.