இடது ஆறு, வலது எட்டு

கிடங்கில் எல்லோரும் அவளைச் 'செக்கிங் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். இணையத்தில் ஷூ விற்கும் பெரிய கம்பெனி அது. வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. பெட்டியைத் திறந்ததுமே சொல்லிவிடுவாள்: இது ஒருநாள் விசேஷத்துக்குப் போட்டுவிட்டுத் திருப்பியது, இது நிஜமாகவே கடித்தது, இது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொண்டது. இவள் கண்ணில் மண்ணைத் தூவ ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பார் சூப்பர்வைசர். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவ்வப்போது ஒரு வகைப் பெட்டி வரும். ஒரே ஆள் ஆறாம் நம்பரில் ஒரு ஜோடியும் எட்டாம் நம்பரில் ஒரு ஜோடியும் வாங்கியிருப்பார். திரும்பி வரும் ஜோடியில் ஒரு கால் ஆறாகவும் மறு கால் எட்டாகவும் இருக்கும். செக்கிங் அக்கா யோசிக்கவே மாட்டாள். 'ஏமாற்று' என்று எழுதிவிடுவாள். கம்பெனி அந்த ஆளின் கணக்கை முடக்கிவிடும். பதினோரு வருஷத்தில் எத்தனை பேரை அப்படி முடக்கினாளோ!

பிறகு அவள் மேஜைக்கு ஓர் இயந்திரம் வந்தது. அவளைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். இடுப்பு வலி வந்து ஆறு மாதமாகப் படுத்தும் எழுந்தும் காலம் தள்ளுகிறார். வந்த பணம்தான் குடும்பத்துக்கு எல்லாம். அதை வைத்து இணையத்திலேயே ஏதாவது விற்பது என்று முடிவானது. எதை விற்பது என்பதில்தான் வீடு ரெண்டுபட்டது.

"ஃபோன் கவர் போடுங்க அண்ணி. ஊரே வாங்குது" என்றான் கொழுந்தன். அவன் சொந்தமாக எதையும் விற்றதில்லை. அதனால் யோசனைக்குப் பஞ்சமில்லை.

"ஊரே விக்கவும் செய்யுதே தம்பி. அந்தக் கூட்டத்துல என்னை யாரு தேடி வருவா?"

ஃபோன் கவர், பொம்மை, தண்ணீர் பாட்டில் என்று மூன்று வாரம் தேடினாள். எதைத் தட்டினாலும் ஆயிரம் பேர் கடை விரித்திருந்தார்கள். ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுரீரென்று உறைத்தது. ஆறும் எட்டுமாக ஜோடி சேராத ஷூவைத் திருடன் வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவனுக்கு அது எதற்கு? அவர்கள் திருடர்கள் இல்லை. ரெண்டு காலும் ஒரே அளவில் இல்லாதவர்கள்.

அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. கூடவே, இவர்களுக்கென்று யாருமே விற்பதில்லை என்பதும் புரிந்தது. ரெண்டும் ஒரே நேரத்தில் தோன்றியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருந்த பணத்தையெல்லாம் மொத்த வியாபாரியிடம் கொடுத்து எண்பது ஜோடி ஷூ எடுத்தாள். காலுக்கு ஓர் அளவாகக் கிடைக்கும் என்று இணையத்தில் கடை விரித்தாள். பெட்டியைப் பிரிக்காமல் மொத்தமாகத் திருப்பினால் முப்பது நாளுக்குள் எடுத்துக்கொள்வேன், ஒன்றைப் பிரித்தாலும் எல்லாம் உன்னுடையது என்றார் அவர். "ஆழம் தெரியாம காலை விடுறே" என்றார் வீட்டுக்காரர். "ஒரு ஜோடி வித்தா இன்னொரு ஜோடி தலைகீழா மிஞ்சும். அதுக்கு எங்க போய் ஆள் பிடிப்பே?" நியாயமான கேள்வி.

இருபத்தொன்பது நாள் ஒரு ஆர்டரும் வரவில்லை. முன்னறையில் பெட்டிகளைச் சுற்றி ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. முப்பதாம் நாள் நாலு மணிக்கு வண்டி வருமென்று வியாபாரியிடம் வீட்டுக்காரர் பேசி முடித்துவிட்டார். அன்று மூன்றரைக்கு முதல் ஆர்டர் வந்தது. இடது ஆறு, வலது எட்டு. அளவைச் சரிபார்க்க, ஆர்டரில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தாள்.

எடுத்தது ஒரு டீச்சர். "நம்பர் சரிதாங்க. சின்ன வயசுக் காய்ச்சல்ல இடது கால் சூம்பிப்போச்சு. பெரிய ஷூ வாங்கி முன்னால துணி அடைச்சுக்கிட்டுதான் நாள் பூரா கிளாஸ்ல நிக்கிறேன். எங்களை மாதிரி நானூறு பேர் ஃபோன்ல ஒரு குரூப் வெச்சிருக்கோம். நல்லா இருந்தா எல்லாருக்கும் சொல்றேன்."

நானூறு பேர்! தலைகீழாக மிஞ்சும் ஜோடிக்கும் அதில் ஆள் இருக்கும்.

"முன்னாடி ஒரு கம்பெனியில ரெண்டு ஜோடி வாங்கி, மிஞ்சினதைத் திருப்பி அனுப்பினேன். திருடின்னு எழுதி என்னை முடக்கிட்டாங்க. எங்க வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை, அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு" என்று டீச்சர் கம்பெனியின் பெயரைச் சொன்னார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. வீட்டுக்காரர் முதல் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். பேசாமல் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"டீச்சர்... அதை எழுதினது நான்தான். பதினோரு வருஷம் அந்த மேஜையில நான் ஒருத்திதான். கால் இப்படியும் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைங்க. மன்னிச்சிடுங்க."

லோடு ஏற்ற வந்தவர் "என்னம்மா, எடுக்கலாமா?" என்றார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதை குரூப்ல சொல்லுவேன்" என்றார் டீச்சர். குரல் உடைந்திருந்தது.

"சொல்லுங்க."

"ஷூ வந்ததும் போட்டுப் பாத்துட்டு அதையும் சொல்லுவேன். வலதுக்குத்தான் எட்டு. மாத்தி அனுப்பிடாதீங்க."

ஃபோன் வைக்கப்பட்டது. நானூறு பேர் வருவார்களா, காறித் துப்புவார்களா என்று தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே ஆறாம் நம்பர் பெட்டியையும் எட்டாம் நம்பர் பெட்டியையும் கிழித்தாள். வீட்டுக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு வாசலுக்குப் போய் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

அவள் இடதில் ஆறையும் வலதில் எட்டையும் வைத்து, மூன்று தடவை புரட்டிப் பார்த்தாள்.

"இங்க குடு" என்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் ஒரு தடவை பாத்துடறேன்."