மின்விசிறி சுற்றாத அறை

பொன்மலர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் மே மாதத்திலும் மின்விசிறி சுற்றாது. வேலூர் வெயிலில் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். ரத்த அணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில் மருந்து விட்டு நிறுத்தி, உள்ளே தெரியும் குரோமோசோம்களைப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்திலிருந்து ஒவ்வொன்றையும் கத்தரித்து, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவது பொன்மலரின் வேலை. அரிசி அளவுத் துண்டுகள். தும்மக்கூடப் பயம்.

பதினோரு வருடத்தில் அவள் எந்த நோயாளியிடமும் முடிவைச் சொன்னதில்லை. அது டாக்டர் சொல்ல வேண்டியது.

1997 மே மாதம் ஒரு காலை. ஆம்பூர் முனவ்வர் பேகம், ஒரு வயதாகாத மகள் தூபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரிப்போர்ட் வாங்கும் இடம் தெரியாமல் அந்த அறைக்குள் நுழைந்தாள்.

“இன்னாக்கா, இப்படி வேர்த்து ஊத்துது!” என்று இரக்கப்பட்டுக் கதவோரத்துச் சுவிட்சைத் தட்டினாள்.

மேசை மேலிருந்த துண்டுகள் எல்லாம் பறந்தன.

“ஆஃப் பண்ணும்மா!”

இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். குழந்தைக்கு அது விளையாட்டு, கைகொட்டிச் சிரித்தது. “சும்மா இரு, தூபா!” என்றாள் முனவ்வர்.

“நாப்பத்தாறு ஆச்சு. இன்னும் ஒண்ணு இருக்கணும், நல்லாத் தேடு” என்றாள் பொன்மலர்.

முனவ்வரின் கை நின்றது. “எல்லாருக்கும் நாப்பத்தாறுதான்னு டாக்டரம்மா சொன்னாங்களே. இது யாரோடதுக்கா?”

பொன்மலர் மேசையிலிருந்த உறையைப் பார்த்தாள். பெயர்: தூபா. நாக்கைக் கடித்துக்கொண்டாள். உறையை அவசரமாகக் கவிழ்த்து வைத்ததே முனவ்வருக்குப் போதுமாக இருந்தது.

கடைசித் துண்டு புர்காவின் மடிப்பில் கிடைத்தது. அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு முனவ்வர் கேட்டாள்: “இதை ஒட்டாம விட்டா இன்னா?”

“அட்டையிலதான் இல்லாம போவும். பாப்பா உடம்புல இருக்குமேம்மா.”

“மாசமா இருக்கும்போது கிரகணத்தப்போ நான் கறி வெட்டினேனாம், அதான் புள்ளைக்கு வளர்ச்சி இப்படிக் கம்மியாம். ரிப்போர்ட் வரட்டும், உன்னை உங்கம்மா வீட்டுக்கே அனுப்பிடறேன்னு மாமியார் பேஜார் பண்றாங்கக்கா.”

“வயித்துல தங்கறதுக்கு முன்னாடியே நடந்திருக்கும். ஒரு அணு ரெண்டாப் பிரியும்போது பங்கு சரியா விழலை. ஒரு பக்கம் ஒண்ணு ஜாஸ்தியாப் போய்டுச்சு. நீ கறி வெட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

“இதை எழுதித் தருவீங்களா?”

ரிப்போர்ட் எப்போதும் ஆங்கிலத்தில்தான் போகும். பொன்மலர் அட்டையை ஒட்டி முடித்து, டாக்டரிடம் போய் முதலில் தன் தவறைச் சொன்னாள். “வாயைக் கட்ட முடியலையா உனக்கு?” என்று அவர் கடிந்துகொண்டார். பிறகு தாமே முனவ்வரை உட்காரவைத்துப் பேசினார். ‘தாய் செய்த எதனாலும் இது வரவில்லை’ என்று பொன்மலர் தமிழில் எழுதியதன் கீழ் கையெழுத்தும் போட்டார்.

முனவ்வர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள்.

“இன்னொண்ணு எழுதித் தாங்கக்கா. மாமியார் இதை அடுப்புல போட்டாலும் போடுவாங்க.”

பொன்மலர் இன்னொரு தாளை எடுத்தாள்.