அஜ்மத் அக்கா திறந்த கண்கள்

எங்கள் ஊருக்கு வருகிற எல்லாருக்கும் மலை வேண்டும். கிரிவலம் சுற்றி, கால் வீங்கி, தலை கலைந்து நின்று ஒரு செல்ஃபி எடுப்பார்கள். அதில் மலை இருக்காது. யாரோ ஒருவருடைய முழங்கை இருக்கும். அந்தப் படத்தைக் கொண்டுவந்து, "பின்னாடி மலை தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க, அப்படியே என்னையும் கொஞ்சம் கலராக்கிடுங்க" என்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அஜ்மத் அக்காவுக்கு வராது. மலையை எடுத்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து, முழங்கையைத் துடைத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு சுற்று வெளுப்பும் அடித்துக் கொடுப்பார்.

கடை மதார் சாகிப் பாயுடையது. பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. வீட்டுப் போட்டோக்களை கேன்வாஸ் துணியில் அச்சடித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரில் மாட்டுகிற படமாகக் கொடுக்கிறோம். பாய் மிஷினைப் பார்த்துக்கொள்வார். துணியை இழுத்து ஓரம் மடித்துப் பின் அடிப்பது வேணுவாகிய நான். கம்ப்யூட்டரில் முகங்களைச் சரிசெய்வது பாயின் மனைவி அஜ்மத் பேகம். அவருடைய அப்பாவுக்கு இந்த ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் தொழில். பத்தாவது முடித்ததும் நிக்காஹ் நடந்துவிட்டது. மகள் சானியா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனார். கூடப் படித்த பிள்ளைகள் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று கேலி செய்தார்களாம். அவர்களில் பாதிப்பேரின் கல்யாண ஆல்பத்தை அப்புறம் அக்காதான் செய்தார்.

ஊரார் சுவரையெல்லாம் நிரப்பிய அக்காவின் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் மட்டும்தான் இருக்கும். முகம் உள்ள படத்தை மாட்டுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. "உங்களை ஒண்ணு அடிச்சுத் தரட்டாக்கா?" என்று ஒருமுறை சீண்டினேன். "நேர்ல பாத்தே எங்க வூட்டுக்காரர் நடுங்கறாரு, செவுத்துல வேறயா?" என்றார்.

கடைக்கு இரண்டு விஷயங்களில் நல்ல பெயர். ஒன்று, கொடுத்த போட்டோ வெளியே போகாது. பெண்பிள்ளைகளின் படம் எந்தக் கடையில் யார் கையில் இருக்குமோ என்று பெற்றவர்களுக்குப் பயம் இருக்குமல்லவா? படம் வாடிக்கையாளர் கைக்குப் போனதும் கம்ப்யூட்டரிலிருந்தும் போனிலிருந்தும் அழித்துவிட வேண்டும் என்பது பாய் போட்ட சட்டம். "ஊரார் மொகத்த நம்ம பொட்டியில அடச்சு வெக்கக் கூடாது" என்பார். அக்கா கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் கிடப்பதைக்கூட விடாமல் துடைத்துவிடுவார்.

இன்னொன்று, கண் திறப்பது. இறந்துபோனவருக்குச் சில நேரம் நல்ல படம் ஒன்றுகூட இருக்காது. கடைசி நாளில், மூக்கில் பஞ்சு வைத்தபின் எடுத்ததை நீட்டுவார்கள். அக்கா பஞ்சை எடுத்துவிட்டு, அண்ணன் தம்பி யாருடைய படத்தையாவது கேட்டு வாங்கி, அதிலிருக்கும் கண்ணை எடுத்துப் பொருத்துவார். படத்தைப் பார்த்ததும், "அப்பா நம்மளத்தான் பாக்குறாரு" என்று பெரிய ஆட்கள் கடையிலேயே உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து இனியா வந்தது அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான். சின்னப் பெண். போனை அக்காவிடம் மட்டும் காட்டினாள். துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. செத்துப் பிறந்தது. ஆஸ்பத்திரி ஆயாவைக் கெஞ்சி எடுக்கவைத்த ஒரே படம்.

அப்படிப் பிறந்த குழந்தைக்கு எங்கள் பக்கத்தில் காரியம் கிடையாது, பெயர் கிடையாது, சுவரில் படமும் கிடையாது. மாட்டினால் அடுத்தது தங்காது என்பார்கள். கணவன் மாறன் வேன் ஓட்டுகிறவன். குழந்தையைத் துணியோடு வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை. மாமியாரும் பார்க்கவில்லை.

"கண்ணு தொறந்து குடுங்கக்கா," என்றாள் இனியா. "கொழு கொழுன்னு பண்ணிடுங்க. கடையில விக்கிற பாப்பா படம்னு சொல்லி மாட்டிக்கிறேன். யாருக்கும் தெரியாது."

கர்ப்பமான பெண் காலையில் விழித்ததும் பார்ப்பதற்காக அழகான குழந்தைப் படம் ஒன்றை அறையில் மாட்டுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் படத்தின் சாக்கில் தன் மகளை வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தாள். நான் கிழிக்கிற துணியைக் கிழித்துக்கொண்டே இருந்தேன்.

"யார் கண்ணும்மா வெக்கறது?" என்றார் அக்கா. "பெரியவங்க கண்ணு கொழந்தைக்கு ஒக்காராது."

வீட்டில் மாட்டியிருந்த மாறனின் கைக்குழந்தைப் படத்தைப் போனில் பிடித்து அனுப்பிவைத்தாள். அக்கா நாள்கணக்கில் அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வேறு வேலை எதையும் தொடவில்லை. உதட்டு நீலத்தை எடுத்தார். நெற்றியின் கசங்கலை நீவினார். கன்னத்தை நிரப்பினார். கண்ணைத் திறந்தார். நான் சட்டத்தில் இழுத்துக் கட்டி நிமிர்த்தியபோது அது என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிற மாதிரி இருந்தது. சாயம் போகாத, ஈரம் பட்டாலும் கெடாத உயர்ந்த துணி. இனியா அதை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். அக்கா வழக்கம்போல எல்லாவற்றையும் அழித்தார்.

மாதங்கள் கழித்து இனியா மறுபடி வந்தாள். வயிறு தெரிந்தது. அக்கா சந்தோஷமாக எழுந்து போய்க் கையைப் பிடித்தார்.

"படம் எப்படிம்மா இருக்குது?"

"எங்க அத்தைக்கு ரொம்பப் புடிச்சுட்டுது. யார் பெத்த புள்ளையோ, நம்ம மாறன் கொழந்தையில இப்படித்தான் இருந்தான்னு சொல்றாங்க. தெனம் அதயே பாரு, அதே மாதிரி பொறக்கும்னு கட்டில இழுத்து அதுக்கு எதிர்ல போட்டுட்டாங்க." அக்காவின் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "பாக்கறேங்க்கா. அதுவும் என்னப் பாக்குது. ஆனா அது எம் பொண்ணு இல்ல. அத்தை சொல்றதுதான் சரி, அது யாரோ பெத்த புள்ள."

அக்கா நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தார்.

"மொதல்ல அனுப்புனேன்ல, கண்ணு மூடுனது, அதயே சின்னதா ஒண்ணு போட்டுக் குடுங்க. பொடவ மடிப்புல வெச்சிக்கிறேன்."

"உன் போன்ல இருக்குமேம்மா?"

"அவர் பாத்தா சண்ட வரும்னு, படம் வாங்கினு போன அன்னிக்கே அழிச்சிட்டேன். அதான் செவுத்துக்கு வந்துட்டாளேன்னு நெனச்சேன். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

அக்கா தேடினார். இல்லை என்று தெரிந்தே தேடினார். பாயும் பழைய போன், பென் டிரைவ் எல்லாவற்றையும் கொட்டித் தேடினார். எத்தனையோ பேர் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்ட ஒழுங்கு அது. அன்றைக்கு அந்த ஒழுங்கின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"செவுத்துப் படத்தப் போன்ல எடுத்து அனுப்பு, கண்ண மூடிப் பாக்கறேன்," என்றார் அக்கா. திறக்கத் தெரிந்தவருக்கு மூடத் தெரியாதா என்று நானும் நினைத்தேன். எங்கிருந்தோ தூங்குகிற குழந்தை ஒன்றின் இமைகளை எடுத்துப் பொருத்தினார். கன்னத்தைக் குறைத்தார். உதட்டுச் சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்.

சொன்ன நாளில் இனியா வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நல்லாத் தூங்குறா," என்றாள். அப்புறம் மெதுவாக, "எம் பொண்ணு தூங்கலையேக்கா" என்றாள்.

பாய் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

இனியா அழவில்லை. நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கு அவ மொகம் மறந்து போச்சுக்கா. அன்னிக்கு அர மயக்கத்துல சரியாவே பாக்கல. அப்பறம் இந்தப் படத்தப் பாத்துப் பாத்து, மிச்சம் இருந்ததும் போயிடுச்சு. நீங்கதான் அத்தன நாள் அவ மொகத்தயே பாத்துக்கினு இருந்தீங்க. அவ எப்படி இருந்தாள்னு வாயாலயாச்சும் சொல்லுங்க."

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். வருஷம் கழித்து வருகிற ஆளைக்கூட, "உங்க மச்சானுக்கு எடது புருவத்துல தழும்பு இருக்குமே" என்று விசாரிக்கிறவர். "நெத்தி..." என்று ஆரம்பித்தார். நின்றுவிட்டார். மறுபடி, "மூக்கு வந்து..." என்றார். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் உன்னை மாதிரியே இருந்தாள் என்று ஒரு பொய் சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவைத்திருப்பேன். அக்காவுக்கு அது வரவில்லை.

"எனக்கும் நான் பண்ண மொகம்தாம்மா வருது," என்று சொல்லி, இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.