மும்பையை அடைத்தவள்

யோகப்பிரியா பிறந்த வீட்டுக்குத் திரும்பியபோது கையோடு கொண்டுவந்தது இரண்டு பெட்டித் துணியும் ஒரு கம்ப்யூட்டரும்தான். வழி நெடுக கம்ப்யூட்டரை மடியில் வைத்து அணைத்துப் பிடித்தபடி ஆட்டோவில் வந்தாள். கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் வாய்க்காலை ஒட்டிய வீடு அது. அப்பா அர்த்தநாரி நடவுக்கு ஆள் சொல்லப் போயிருந்தார். அம்மா முத்தாத்தாள் மட்டும் வாசலில் நின்று, "பாத்து எறங்கு சாமி, கல்லு வழுக்குது" என்றாள். ஏன் வந்தாய் என்றோ, எத்தனை நாளைக்கு என்றோ கேட்கவில்லை. அதைக் கேட்க ஊரில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அவள் கணவன் பூபதிராஜா கொழிஞ்சாம்பாறைக்காரன். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். பெண் பார்க்க வந்த அன்று இருவரையும் மாமரத்தடியில் பேச விட்டார்கள். வெகுநேரம் வாயே திறக்காமல் நின்றவன் கடைசியில், "நீங்க கேம் ஏதாச்சும் ஆடுவீங்களா?" என்று கேட்டான். ஆடுவேன் என்று சொல்லி, அந்த ஆட்டத்தில் தன் ரேங்கையும் சொன்னாள். அது அவனுடையதைவிட ஒரு படி மேலே இருந்தது. அவன் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்துத்தான் அவள் சரி என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே அறையில் இரண்டு மேசை போட்டார்கள். அணிக்கு ஐந்து பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டம் அது. மதியச் சாப்பாட்டுக்குக் கடை சாத்தி வந்ததும் அவன் உட்காருவான், பக்கத்தில் அவள். மீதி மூன்று இடத்துக்குக் கோயம்புத்தூர், உடுமலை என்று எங்கெங்கிருந்தோ சிநேகிதர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

அவள் கர்ப்பமாகி எட்டாம் மாதத்தில் குழந்தையின் துடிப்பு வயிற்றிலேயே நின்றுபோனது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. மாமியார்கூட நல்லபடியாகத்தான் இருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதுதான் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சாப்பாடு மேசைமேல் இருக்கும். அவரவர் போட்டுச் சாப்பிட்டார்கள். ஹெட்போனை மாட்டி ஆட உட்கார்ந்தால் மட்டும், "பின்னாடி ஒருத்தன்", "மாடில ரெண்டு பேரு", "நான் போறேன், நீ இரு" என்று பேசிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. ஒருநாள் காலையில் அவள், "நான் எங்க ஊட்டுக்குப் போறேனுங்க" என்றாள். அவன் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "சரி" என்றான். பிறகு வக்கீல் மூலமாக, இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மனுக் கொடுத்தார்கள்.

பிறந்த வீட்டில் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வெவ்வேறு அலுவலகங்களின் இன்டர்நெட்டுக்குக் காவல் போடுகிற வேலை அது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று ஃபயர்வாலில் விதி எழுதுவாள். மதியத்தோடு ஷிஃப்ட் முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல ஆட்டத்தைத் திறப்பாள். ஆசை இருந்து திறந்தாள் என்று சொல்ல முடியாது. பல் துலக்குவதைப் போல அதுவும் நடந்தது.

வந்த கொஞ்ச நாளிலேயே அவள் அணியில் 'சோளத்தட்டு' என்ற பெயர் வந்தது. பூபதிராஜா ஆட்டத்தில் வைத்திருந்த பெயர் அது. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஆடி முடித்தார்கள். இன்னொரு நாள் அவன் எதிரணியில் வந்தான். மூலையில் திரும்பும்போது அவளே அவனைச் சுட்டாள். யார் யாரைச் சுட்டார்கள் என்று திரை ஓரத்தில் காட்டுவார்கள் அல்லவா, அங்கே இரண்டு பெயரும் கல்யாணப் பத்திரிகையில் இருந்ததைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் வந்து மறைந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அணி தோற்றது.

அந்த ஆட்டத்தில் ஒருவரைத் தடுத்து வைத்தாலும் அவர் குரல்தான் கேட்காது; ஆள் வந்துகொண்டேதான் இருப்பார். எந்த ஊர் சர்வரில் ஆடுவது என்று நாம் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. பக்கத்தில் இருப்பது எதுவென்று ஆட்டமே பார்த்துச் சேர்த்துவிடும். கேரளத்துக்குப் பக்கத்து சர்வர் மும்பை. அவள் ரேங்கில் அந்த நேரத்துக்கு ஆடுகிறவர்கள் மும்பையில் கொஞ்சம் பேர்தான். எப்படிச் சுற்றினாலும் அவன்தான் வருவான்.

மறுநாள் வேலை முடிந்ததும் யோகப்பிரியா தன் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலைத் திறந்தாள். மும்பை சர்வர்களின் முகவரிகளைத் தேடி எடுத்து, இவற்றுக்கு இங்கிருந்து எதுவும் போகக்கூடாது என்று ஒரு விதி எழுதினாள். வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆட்டம் மும்பையைக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் வராததால் மும்பை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த பக்கமான சிங்கப்பூரில் அவளைக் கொண்டுபோய் விட்டது.

சிங்கப்பூர் மெதுவாக இருந்தது. பொத்தானை அழுத்தி, ஒரு கணம் கழித்துத்தான் குண்டு பாய்ந்தது. முன்பு பிழைத்திருக்கக்கூடிய இடங்களில் எல்லாம் இப்போது செத்தாள். கூட ஆடியவர்கள் மலாயும் சீனமும் இன்னும் என்னென்னவோ பேசினார்கள். திட்டுகிறார்களா பாராட்டுகிறார்களா என்றே தெரியவில்லை. அவளுக்கு அது இதமாக இருந்தது. பால் சொசைட்டிக்குப் போனால், "ஏனம்மிணி, மாப்பளை வரலயா?" என்று கேட்பவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. இங்கே யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மதியங்கள் கழிந்தன. நாற்று நட்டு, களை எடுத்து, வயல் பச்சை கட்டியது. அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். எப்போது நட்டார்கள் என்று நினைவில்லை.

ஒரு மதியம் ஆட்டம் தொடங்கி, அணியின் பெயர்கள் வரிசையாக வந்தன. அவளுக்குக் கீழே 'சோளத்தட்டு'.

ஆட்டம் ஆரம்பித்தும் இருவரும் தொடங்கிய இடத்திலேயே நின்றார்கள். மற்ற மூவரும் முன்னே ஓடிப் போனார்கள். ஹெட்போனில் அவன் குரல் கேட்டது.

"பிரியா?"

"ம்."

"நீ மும்பைல இருப்பேன்னுதான் நான் இங்க வந்தேன்."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்க அங்க இருப்பீங்கன்னுதான் நான் மும்பையை அடைச்சுப் போட்டேனுங்க."

"நானும் அடைச்சுத்தான் வந்தேன்."

"உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"ஒருக்கா மும்பை சர்வர் படுத்திருந்தப்ப நீ பண்ணினயே. பின்னாடி நின்னு பாத்துட்டிருந்தேன்."

அவன் அப்போது பின்னால் நின்றது அவளுக்குத் தெரியாது. அவன் என்னவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

முன்னே போன மூவரில் ஒருவன் செத்துப்போய், இங்கிலீஷில் பேசுங்கள் என்று கத்தினான். இன்னொருவன் வேறு பாஷையில் வைதான்.

"இப்ப என்னங்க பண்றது?" என்றாள்.

"மும்பையை நீ எடுத்துக்க."

"உங்க சிநேகிதக்காரங்க எல்லாரும் அங்கதானே இருக்காங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன். அவங்க கேப்பாங்க. எனக்குச் சொல்ல வராது." பிறகு, "நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றான்.

கல்யாணத்தில் வந்த பாத்திரங்களைப் பிரித்தபோதும் இப்படித்தான் இருந்தது. ஒருவர் ஒன்றைக் காட்ட, மற்றவர் சரி என்று சொன்னார். அவள் சரி என்றாள். பிறகு, "இடப்பக்கம் வர்றானுங்க" என்றாள். அவன் திரும்பிச் சுட்டான். மிச்ச ஆட்டத்தை இருவரும் ஒழுங்காக ஆடினார்கள். ஜெயித்தார்கள்கூட. முடிந்ததும் அவன் பெயர் மறைந்தது. யோகப்பிரியா ஃபயர்வாலைத் திறந்து, தான் எழுதிய விதியை அழித்தாள்.

பாலக்காட்டுக் கோர்ட்டில் அவர்கள் முறை வந்தது அடுத்த மாதம். "கோடதிக்கு நானும் வரட்டா, சாமி?" என்று அர்த்தநாரி கேட்டார். வேண்டாம் என்றாள், ஆனாலும் அவர் வேட்டி மாற்றிக்கொண்டு பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். உள்ளே இருந்த ஜட்ஜ் அம்மையார் இருவரையும் மலையாளத்தில் கேட்டார்: மனசு மாறவில்லையே? இருவரும் இல்லை என்றார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வராந்தாவில் கூட்டமாக இருந்தது. அவன் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றான். முன்னைவிட இளைத்திருந்தான்.

"சிங்கப்பூரு பழகிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"யாரு பேசறதும் வெளங்கறதில்ல" என்றான். "அது நல்லாருக்குது."

"ஆமாங்க" என்றாள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

குழந்தை போன பிறகு ஆட்டத்துக்கு வெளியே, நேருக்கு நேர், அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. அவன் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். அவளும் அப்பாவும் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். அவர் அவளுக்கு நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி ஒன்று வாங்கிக் கொடுத்தார். தின்றாள். இனிப்பாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள் ஷிஃப்டுக்குத்தான் எழுந்தாள்.

மும்பை வேகமாக இருந்தது. அழுத்திய கணத்திலேயே குண்டு பாய்ந்தது. கொஞ்ச நாள் குரலை அணைத்து வைத்துத்தான் ஆடினாள். அறுவடை எந்திரம் வயலில் இறங்கிய வாரத்தில், ஒரு மதியம், அணியில் கிருத்திகா வந்தாள். உடுமலைப் பெண்; பழைய கூட்டத்தில் ஒருத்தி. இரண்டு வருஷம் சேர்ந்து ஆடியும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. குரலைத் திறக்கச் சொல்லி எழுத்தில் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். யோகப்பிரியா திறந்தாள்.

"அக்கா! எங்கக்கா போயிட்டீங்க? அண்ணாவையும் காணோம்?"

எந்திரச் சத்தம் ஜன்னலைத் தாண்டி அறைக்குள் வந்துகொண்டிருந்தது. அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். "குழந்தை தங்கலைங்க்கா. அப்பறம் நாங்க பிரிஞ்சுட்டோம். இப்ப எங்க ஊட்லதான் இருக்கேன்."

தன்னைவிடச் சின்னவளை அக்கா என்று சொன்னது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மூன்றையும் அவள் ஒருவரிடமும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னதில்லை. கிருத்திகாவின் பக்கம் ஏதோ மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"சரிங்க்கா" என்றாள் கிருத்திகா, தணிந்த குரலில். பிறகு, "அக்கா, கிணத்துப் பக்கம் ஒருத்தன் இருக்கான். நான் சுத்தி வரேன். நீங்க இங்கயே நில்லுங்க."

யோகப்பிரியா நின்றாள்.