கப்பல் மூழ்கிய தேதி

குறை கண்டுபிடிப்பதில் எனக்கு இருக்கிற ருசி உங்களுக்குத் தெரியாததா? வீட்டில் அது செல்லாது. அதனால் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில், கட்டுரைகளின் தரத்தைப் பார்த்துச் சொல்லும் தன்னார்வலராகச் சேர்ந்துகொண்டேன். சம்பளம் கிடையாது. திமிர் மட்டும் உண்டு.

போன மாதம் கையில் கிடைத்தது, போர்க்காலத்தில் நம் ஜொகூர் கடலில் மூழ்கிய ஒரு போர்க்கப்பல் பற்றிய கட்டுரை. குண்டு விழுந்த நாளையே மூழ்கிய நாள் என்று எழுதியிருந்தார்கள். ஆவணங்களைத் துருவினேன். கப்பல் உடனே மூழ்கவில்லை — இரண்டு நாள் மிதந்து, அப்புறம்தான் மூழ்கியிருக்கிறது. தேதியைத் திருத்தினேன். சும்மா இருந்தேனா? பேப்பரில் நான் எழுதும் இந்தப் பக்கத்திலும் பீற்றிக்கொண்டேன்.

பேப்பர் வந்த அன்று மத்தியானமே போன்.

"சார், நான் சரோஜா, பெர்மாஸ் ஜெயாவுலேர்ந்து பேசுறேன். அந்தக் கப்பல்ல எங்க தாத்தா பாய்லர் ரூம்ல வேலை செஞ்சாரு. பாடி கெடைக்கல. நீங்க சொல்ற தேதி... நிச்சயம்தானா?"

"நூறு சதவீதம்!" என்றேன் கெத்தாக.

சரோஜா விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா எண்பது தாண்டியவர். வருஷா வருஷம் பழைய தேதியை வைத்துத்தான் திதி கொடுக்கிறார். படையல் சோற்றைக் காக்கா தொட்டதே இல்லையாம். ஆனால் சரியாக இரண்டு நாள் கழித்து, ஒரு காக்கா வந்து சமையலறை ஜன்னலைக் கொத்தும்.

"அப்பாதான் சார் தொடப்பத்த எடுத்துட்டு வெரட்டுவாரு..."

வெளியே வெயில் கொளுத்துகிறது. எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது.

சரோஜா விடவில்லை. "குண்டு விழுந்ததும் பாய்லர் ரூம் கதவ மூடிட்டாங்களாம். அன்னிக்கே கடல்ல குதிச்சுத் தப்பிச்சு வந்தவரு ஒருத்தரு வீட்டுல வந்து சொன்னாராம். அப்ப அந்த ரெண்டு நாளும்... தாத்தா உள்ள உயிரோடவா சார் இருந்தாரு?"

அலமாக்! ஆதாரம், அடிக்குறிப்பு என்று வாய் கிழியப் பேசுகிறவன் நான். எந்த ஆவணமும் இதைச் சொல்லவில்லை. "தெரியலம்மா" என்றேன். அந்தத் தேதியை ஏன்தான் தொட்டேனோ!

பெரியவரிடம் சொல்வதா, வேண்டாமா? "தாங்க மாட்டாரு லா சார்" என்றார் சரோஜா. பார்வை மங்கி, அவர் பேப்பர் படிப்பதையே விட்டுவிட்டாராம். கூடிப் பேசி ஒரு பொய்யை முடிவு செய்தோம் — இத்தனை வருஷமும் பஞ்சாங்கம் பார்த்ததில் தப்பு, திதி இரண்டு நாள் தள்ளி. கப்பல் மிதந்ததைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

போன வெள்ளிக்கிழமை புதுத் திதி. மனசு கேட்காமல், தம்போயிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நானும் போனேன். இலை போடும்போதே ஜன்னலில் டொக்... டொக். சரோஜா என்னைப் பார்த்தார்.

பெரியவர் தடவித் தடவிப் போய் ஜன்னலைத் திறந்தார். சரோஜா சோற்றை நீட்ட, கையால் தடுத்தார்.

"மொதல்ல தண்ணி கொண்டாம்மா. ரெண்டு நாளு தாகத்துல தவிச்சுக் கெடந்திருக்காரு."

சத்தியமாக, நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.