காட்டா ஜாஸ்தி

2003 மே. காலை ஆறு மணிக்குப் புனேயை விட்டுக் கிளம்புவதாகத் திட்டம். பெங்களூரு 840 கிலோமீட்டர். மறுநாள் காலை அங்கே என் மைத்துனனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் ஒரே அக்கா என் மனைவி சுமதி. தாலியின் மூன்றாவது முடிச்சு அவள் போட வேண்டியது.

முந்தின நாளே எங்கள் பழைய டீசல் காரின் மீட்டர் போர்டு மொத்தமாகச் செத்துப்போயிருந்தது. ஔந்தில் ஒரு கார் மிஸ்திரி வேறொரு காரில் கழற்றிய போர்டை மாட்டி முடிக்கும்போது, கிளம்ப வேண்டிய அன்று காலை மணி பதினொன்று. அவசரத்தில் அவர் சொன்னதை நான் பாதிதான் கேட்டேன்.

"காட்டா ஜாஸ்தி தாக்கவ்தோ சாஹேப். டென்ஷன் நகோ!"

எனக்கு மராத்தி அரைகுறை. 'ஜாஸ்தி காட்டாது, கவலை வேண்டாம்' என்கிறார் என்று தலையாட்டினேன்.

கம்பாட்கி மலைப்பாதையில் ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. ஜாஸ்தி காட்டாத முள்ளே இவ்வளவு காட்டினால் உள்ளே இன்ஜின் என்ன கதியோ! நிறுத்தினேன், பானெட்டைத் திறந்தேன், ஆறும்வரை சாலையோரம் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தேன். சாத்தாராவில் மறுபடி. கராடில் இரண்டு தரம். கோலாப்பூருக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது.

"ஏங்க, காடியை பந்த் பண்ணிட்டே இருந்தா எப்பப் போய்ச் சேர்றது? மிஸ்திரி என்னதான் சொன்னான்?" என்றாள் சுமதி. புனே பக்கம் நிக்டியில் பிறந்து வளர்ந்தவள்; மராத்தி கலக்காமல் பேச வராது.

மிஸ்திரியின் மராத்தியை அப்படியே சொன்னேன்.

"அரே தேவா! காட்டான்னா முள்ளுங்க! முள்ளு ஜாஸ்தியா காமிக்கும், பயப்படாதேன்னிருக்கான்!"

அதன்பின் டீசலுக்கு மட்டுமே நின்றோம்; ஆனால் வழியெங்கும் நாலுவழிச் சாலை வேலை, வண்டி ஊர்ந்தது. அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

மண்டப வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி ஒன்பதரை. முதல் பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தது. "ஐயர் காத்திருக்க மாட்டேன்னுட்டார்க்கா," என்று மைத்துனன் தலைகுனிந்தான். அவர்கள் சித்தி பெண் மூன்றாவது முடிச்சைப் போட்டிருந்தாள். பட்டுப்புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுமதி அழுதாள். எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

மணப்பெண் மாலையை விலக்கிவிட்டு அவள் முன்னால் வந்து திரும்பி நின்றாள். "அண்ணி, மிச்சக் கயிறு தொங்குது. நீங்களும் ஒண்ணு போடுங்க."

ஊரில் எல்லார் தாலிக்கும் மூன்று முடிச்சு. எங்கள் வீட்டில் நாலு.