கப்போர்டு கதவுக்குக் கற்பூரம்

போன பௌர்ணமி அன்று எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு ஒரு அம்மாள் கற்பூரம் ஏற்றினார்.

வாசற்கதவு கூட இல்லை. உள்ளே இருக்கிற கப்போர்டின் கதவு!

இருங்க, சிரிக்காதீங்க. நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் தைரியம் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தபால்காரர் 'சார்' என்று கூப்பிட்டாலே தந்தியோ என்று நாற்காலியைப் பிடித்துக்கொள்கிற ஜாதி நான்.

விஷயம் அமாவாசைக்கு மறுநாள் ஆரம்பித்தது. என் மனைவி ராஜி அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு, கடுகு எடுக்கக் கப்போர்டைத் திறந்தாள். கதவு திறந்தது... திறந்துகொண்டே வந்தது... கீலோடு கையில் வந்துவிட்டது. ஒரு கையில் கதவு, இன்னொரு கையில் கரண்டி, அடுப்பில் புகை. காவல் தெய்வம் மாதிரி நின்றாள்.

திட்டியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அவள் கதவைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"ஏங்க, வேங்கிக்கால்ல ஒரு வீடு பார்த்துட்டு வந்தேன். கிச்சன் நல்லா வெளிச்சமா இருக்குது. உங்க ஆபீசும் பக்கத்துலயேதான். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

பார்க்கலாமா என்று கேட்கவில்லை. பார்த்துவிட்டே வந்திருக்கிறாள்!

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, கடனை உடனை வாங்கிக் கட்டின வீடு. காலையில் பல் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தால் மலை. இதை விட்டுவிட்டு வேங்கிக்காலில் போய் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கைப் பார்த்துப் பல் தேய்ப்பதா? ஆனால் அவள் சொன்னதிலும் தப்பில்லை. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவள் அந்த இருட்டுக் கப்போர்டுகளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்!

"கதவெல்லாம் நானே கழட்டி, பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். பௌர்ணமி வரைக்கும் டைம் கொடு" என்றேன்.

"மறுநாள் திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள முடிச்சா பார்க்கலாம்."

'பார்க்கலாம்' என்ற சொல்லை இவ்வளவு நம்பி வாழ்கிற ஒரே பிராணி புருஷன்தான்.

ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் வேலை. மொத்தம் ஆறு கதவு. சலவை சோடா கலந்த வெந்நீரில் தேங்காய் நாரைத் தோய்த்துத் தேய்த்தேன். வந்தது அழுக்கா? இல்லை... எங்கள் கல்யாண வாழ்க்கையின் மொத்தத் தாளிப்பு! பழுப்புப் பழுப்பாய் வழிந்தது. மூன்றாவது பக்கெட் தீரும்போது அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு நிறம் எட்டிப் பார்த்தது. இளம் பச்சை.

ராஜி எட்டிப் பார்த்தாள். "இது பச்சையா? நான் காப்பிக்கொட்டை கலர்னு இல்ல நினைச்சுட்டிருந்தேன்!" விரலால் தடவிப் பார்த்தாள். "ஆமா... நான்தான் பச்சை வேணும்னு அடம்பிடிச்சேன்."

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். ஆனால் எனக்கு அந்த ஒரு வாக்கியம் ரெண்டு நாளைக்குத் தாங்கியது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்ததைவிடத் தும்மியது ஜாஸ்தி. ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்தேன். பிரைமர் அடித்துப் பின்கட்டில் காயவைத்தால், பக்கத்து வீட்டுக் கன்னியப்பனின் கோழி அதன் மேல் நடந்து கோலம் போட்டது. மறுபடி உப்புத்தாள், மறுபடி தும்மல்.

கடைசிக் கோட் ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தன கலர் எனாமல். பெயிண்ட் கடைக்காரர் சொல்லியிருந்தார்: "வெயில்ல வச்சுடாதீங்க சார், கொப்பளிச்சுக்கும். நிழல்ல, காத்தோட்டமா வைங்க." கோழி இல்லாத நிழல் எங்கே? எங்கள் வீட்டில் ஒரே இடம்தான். கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம், வேப்ப மரத்தடி. ஐந்து கதவுகளைக் காம்பவுண்டுச் சுவரில் சாத்தினேன். இருப்பதிலேயே பெரியதை மரத்தடியில் நிமிர்த்தி நிறுத்தினேன்.

கன்னியப்பன் சைக்கிளை நிறுத்தினார். "இன்னா சார், கதவெல்லாம் வெளியில நிக்குது... வூட்டைக் காலி பண்றீங்களா?"

"வாயைக் கழுவுய்யா!" என்றேன்.

"அதுக்கில்ல சார், இன்னிக்கு பௌர்ணமி ஆச்சே..."

அதெல்லாம் யோசிக்காமல் இருப்பேனா? காலண்டரைப் பார்த்திருந்தேன். பௌர்ணமி திதி ஆரம்பிப்பதே சாயந்திரம்தான். அதற்கப்புறம்தானே கூட்டம்? நாலு மணிக்குள் பெயிண்ட் காய்ந்துவிடும். பஞ்சாங்கம் பார்த்து எனாமல் அடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். கூட்டத்துக்கு முன்னாடியே சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள். அப்படி நினைக்கிற எல்லாரும் சேர்ந்தால் அதற்குப் பெயர்தான் கூட்டம்.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன். 'அரோகரா' சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வேப்ப மரத்தடியில் ஒரு வரிசை நிற்கிறது!

நீங்களே சொல்லுங்கள். வேப்ப மரம். அதன் அடியில் நிமிர்ந்து நிற்கிற சந்தன நிறப் பலகை. நம் ஊரில் அது எத்தனை நேரம் பலகையாகவே இருக்க முடியும்? யாரோ ஒருவர் முதலில் குங்குமம் வைத்திருக்கிறார். காயாத எனாமலாச்சே, கப்பென்று பிடித்துக்கொண்டது. அடுத்தவர் விபூதிப் பட்டை. அதற்கடுத்தவர் பூ. இப்போது ஒரு அம்மாள் கீழே குனிந்து கற்பூரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

கற்பூரத்துக்கு ஒரு முழம் தள்ளி, பிரஷ் ஊறப்போட்ட டர்பன்டைன் டப்பா!

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு கையில் வேட்டி, ஒரு கை ஆகாயத்தில். "ஆ... ஆ... அணை... அணை..." என்று குதித்தேன்.

"ஏய், தள்ளுங்க! ஐயாவுக்கு அருள் வந்துடுச்சு!"

அந்த அம்மாள் பயபக்தியோடு என் நெற்றியில் விபூதி அள்ளிப் பூசினார். "சாமி, கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வர்றோம். எங்க பையனுக்கு வேலை எப்ப சாமி கிடைக்கும்?"

"அது... கதவும்மா! மசாலா வைக்கிற... கப்போர்டு... கதவு!"

"இன்னா சொல்லுது சாமி?"

"ஏதோ கதவு திறக்கும்னு சொல்லுது!" என்றார் பின்னால் ஒருவர்.

இதற்குள் ராஜி வந்தாள். என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். முதல் வேலையாக டர்பன்டைன் டப்பாவை எடுத்துக் காம்பவுண்டுக்குள் வைத்தாள். பிறகு கேட்டின் மேல் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் கூச்சப்படுவார், கோபித்துக்கொள்வார் என்றெல்லாம் நான் பயந்தது வழக்கம்போல வீண்.

"இருக்கட்டுமே! சமையக்கட்டுக் கதவுன்னா இன்னா கொறைச்சல்? அதுக்குள்ளதானே சோறு இருக்குது" என்று இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

ராஜி என் காதருகே வந்தாள். "ஏங்க, அது மசாலா கப்போர்டு கதவா? கருவாட்டு டப்பா வைக்கிற கப்போர்டு கதவாச்சே!"

"உஷ்ஷ்...!"

கதவுகளை உள்ளே தூக்கி வந்தேன். மற்ற ஐந்தும் பழுதில்லை. பெரியதில் மட்டும் விபூதி, குங்குமம், ரெண்டு வேப்பிலை. உப்புத்தாளை எடுத்தேன்.

"கையை எடுங்க! சாமின்னு நம்பி வச்ச பொட்டை உப்புத்தாள் போட்டா தேய்ப்பீங்க?"

"அப்புறம்? கருவாட்டுக்கு முன்னாடி இதையா மாட்டறது?"

ராஜி இடுப்பில் கை வைத்துச் சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "கருவாடு கீழ்த்தட்டுக்குப் போகட்டும். இதுக்குள்ள அரிசி டின்னும் விளக்கும் வைக்கலாம். பருப்பு ஜன்னலோரம். அந்த மேல்தட்டு எனக்கு எட்டவே மாட்டேங்குது, அதுல உங்க பழைய பேப்பரைப் போடுங்க..."

காலி பண்ணப் போகிற வீட்டில் யாராவது பருப்புக்கு இடம் மாற்றுவார்களா? கேட்டுவிடலாமா? கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே! வாயை மூடிக்கொண்டு திருப்புளியை எடுத்தேன். நான் கீல் பூட்டப் பூட்ட, அவள் டப்பாக்களைத் துடைத்து அடுக்கினாள். சாயங்கால வெளிச்சம் சந்தன கலர் மேல் விழுந்து, சமையலறை யார் வீடோ மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். ராஜி வேங்கிக்கால் வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். ரேசர் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"இல்லைங்க, அட்வான்ஸ் வேணாங்க... இங்கயே இருந்துக்கறோம்... சேச்சே, வாடகை ஜாஸ்தின்னு இல்லைங்க. வீட்லதான் கோளாறுன்னு நினைச்சுட்டிருந்தேன். வீடு நல்லாத்தாங்க இருக்குது. ஆளைத்தான் கழட்டி, கழுவி, தேய்க்கணும்!"

மிச்சமிருந்த உப்புத்தாளை ஒளித்து வைத்துவிட்டேன். எங்கே என்று உங்களிடம் கூடச் சொல்ல மாட்டேன்... இந்தப் பத்தியை அவளும் படிக்கிறாள்.